“பார்த்துத்தானே எடுத்தீங்க” என்கிறார் விற்றவர்: பழைய சைக்கிள் வாங்கியவருக்கு என்ன வழி?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகனுக்காக, இணைய விளம்பரம் ஒன்றைப் பார்த்துப் போன மாதம் 6,500 ரூபாய்க்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறார். “ஒன்றரை வருடம்தான் ஓடியது, ஒரே கை, விழுந்ததே இல்லை, எந்தக் குறையும் இல்லை” என்று விளம்பரத்திலும், கேட்டபோது வாட்ஸ்அப்பிலும் விற்றவர் எழுதியிருந்தார். நேரில் போய், மகன் தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுத்திருக்கிறார்கள். 16 நாள் கழித்து ஓர் இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது முன்பக்கம் நெரிவதுபோல் சத்தம் கேட்டிருக்கிறது. சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டு, ஹேண்டில் பொருந்தும் குழாயும் கீழே சாய்ந்து இறங்கும் குழாயும் சேருமிடத்தில் விரிசல் இருப்பதையும், அந்த இடத்தில் ஏற்கெனவே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கப்பட்டிருப்பதையும் காட்டியிருக்கிறார். விற்றவரிடம் சொன்னால், “பார்த்துத்தானே எடுத்தீங்க” என்ற ஒரே பதில்தான் வருகிறதாம்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனால் பணம் கிடைக்குமா, விளம்பரம் வெளியிட்ட நிறுவனத்தைக் கேட்க முடியாதா என்பவை அவருடைய முதல் கேள்விகள். மகன் இப்போது வேறு இரண்டு விளம்பரங்களை எடுத்து வைத்திருக்கிறான். ஒன்று, குளச்சலுக்கு அப்பால் ஒரு கடலோர ஊரிலிருந்து பிளஸ் டூ மாணவன் போட்டிருப்பது. விலை 8,000 ரூபாய், “புதுசு மாதிரி”, பில் தொலைந்துவிட்டது. மற்றொன்றில், பணிமாறுதலில் போகும் ராணுவ வீரர் என்று சொல்லிக்கொள்பவர் 4,500 ரூபாய்க்குத் தருவதாகவும், 1,500 ரூபாய் முன்பணம் அனுப்பினால் பார்சலில் அனுப்பிவிடுவதாகவும் சொல்கிறார். “சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது என்பதால் யாரிடம் வாங்கினாலும் சிக்கல் வராது அல்லவா?” என்றும், படத்தைப் பார்த்துத் தரத்தை எப்படி எடைபோடுவது என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த இறக்கத்தில் உங்கள் மகன் விழாமல் தப்பியது பெரிய ஆறுதல். விரிசல் விழுந்திருக்கும் இடம் சைக்கிளின் முன்பாரம் முழுவதையும் தாங்கும் இடம். அது ஓட்டத்தில் பிரிந்தால் முகம் தரையில் அடிக்கும். ஆகவே, பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் சைக்கிளை இன்றிலிருந்து யாரும், தெருமுனைக் கடைவரைகூட, ஓட்ட வேண்டாம். 400 ரூபாய்க்கு வெல்டிங் வைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் இப்போது சம்மதிக்காதீர்கள். குழாயில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அது அலுமினியம். அலுமினிய ஃபிரேமை மறுபடி வெல்டிங் வைத்தால் சூடுபட்ட பகுதி வலுவிழக்கும்; முறையான வெப்பப் பதப்படுத்தல் இல்லாமல் பழைய வலு திரும்பாது. காந்தம் ஒட்டி அது இரும்பு என்று தெரிந்தாலும் கை வைக்க வேண்டாம், ஏனென்றால் அந்த விரிசல்தான் உங்கள் சாட்சி.

“பார்த்துத்தானே எடுத்தீங்க” என்ற வாதம் எதுவரை செல்லும்?

விற்றவர் சொல்வதில் பாதி சட்டம் இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆவது பிரிவில், பொருளின் தரத்துக்கு விற்பவர் தாமாகவே பொறுப்பாவதில்லை என்றுதான் தொடங்குகிறது. அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு மட்டும் சில பொறுப்புகளைச் சுமத்துகிறது. அவரிடம்கூட, வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டிய குறைகளுக்காகப் பின்னர் கேட்க முடியாது. தேய்ந்த டயர், கிழிந்த சீட், கோணிய சக்கரம் இவற்றுக்காக நீங்கள் இன்று கேள்வி எழுப்பியிருந்தால், உங்கள் பக்கம் வலு இல்லை என்று நானே சொல்லியிருப்பேன்.

ஆனால் உங்கள் விஷயம் வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆவது பிரிவில், ஒரு குறையை அறிந்தே முயன்று மறைப்பதை மோசடி என்ற வரையறைக்குள் வைக்கிறது. குறையைச் சொல்லாமல் வாய்மூடி இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. விரிசலின் மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பதோ மௌனம் அல்ல, அது செயல். அதற்கு மேல் “விழுந்ததே இல்லை” என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார். “சூப்பர் கண்டிஷன்” என்பது விற்பவரின் புகழ்ச்சி. அதை எந்த நீதிமன்றமும் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. “விழுந்ததே இல்லை”, “ஒன்றரை வருடம்”, “ஒரே கை” என்பவை அப்படி அல்ல. உண்மையா பொய்யா என்று சரிபார்க்கக்கூடிய கூற்றுகள் அவை. அவற்றை நம்பித்தான் நீங்கள் பணம் கொடுத்தீர்கள். இப்படிப் பெறப்பட்ட சம்மதத்தில் அமைந்த ஒப்பந்தத்தை ரத்துசெய்து, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்க 19-ஆவது பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது.

இதிலுள்ள இடறலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயிண்ட் அடித்தவர் இவர்தானா, அல்லது இவருக்கு முன்பு வைத்திருந்தவரா? “எனக்கே தெரியாது, நானும் ஏமாந்தேன்” என்று அவர் சொன்னால், மோசடியை நிரூபிப்பது கடினமாகும். அப்போது தவறான கூற்று என்ற அடிப்படை மட்டும் மிஞ்சும். அதில், சாதாரணக் கவனத்துடன் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்குமா என்ற கேள்வி எழும். பட்டிக்கு அடியில் இருந்ததை ஓர் ஆசிரியையும் மாணவனும் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று சொல்வது எளிதல்ல. தவிர, “ஒரே கை” என்று அவரே எழுதியிருப்பதால், முந்தைய உரிமையாளர் மீது பழியைத் தள்ளுவதும் அவருக்கு எளிதாக இராது.

நுகர்வோர் ஆணையமா, சட்டப் பணிகள் குழுவா?

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனால் முடிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகர், உற்பத்தியாளர், சேவை தருபவர் ஆகியோருக்கு எதிரானது. வீட்டில் கிடந்த தன் சைக்கிளை ஒருமுறை விற்ற தனிநபரை வணிகர் என்று நுகர்வோர் ஆணையம் (நுகர்வோர் நீதிமன்றத்தின் சட்டப் பெயர்) ஏற்பது அரிது. ஆயினும், ஒரு வேலை செய்து பாருங்கள். அதே தொலைபேசி எண்ணில் வேறு சைக்கிள் விளம்பரங்கள் இருக்கின்றனவா என்று மகனைத் தேடச் சொல்லுங்கள். மூன்று நான்கு இருந்தால், பழைய சைக்கிளை வாங்கித் தேற்றி விற்பதே அவருடைய தொழில் என்று வாதிட இடம் கிடைக்கும்; அந்தப் பக்கங்களைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்படியானால், நீங்கள் வசிக்கும் மாவட்டம் என்ற அடிப்படையிலேயே நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்தில், 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அவர் தனிநபர்தான் என்று தெரிந்தால், 6,500 ரூபாய்க்காக உரிமையியல் வழக்குத் தொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஆகும் நாளும் அலைச்சலும் தொகையை விழுங்கிவிடும். உங்களுக்கு ஏற்ற வழி, பத்மநாபபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாதச் சம்பளம் வாங்குகிறோமே, நமக்கு எப்படித் தருவார்கள் என்று பல ஆசிரியைகள் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் தேவையற்றது. வழக்குத் தொடுப்பதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசவைப்பார்கள். சமரசம் மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாகப் பதிவானால், அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு இல்லை. தகவலுக்கு 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

அங்கே போவதற்கு முன்பு, விற்றவருக்கு ஒரு கடிதத்தை விரைவு அஞ்சலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். வாங்கிய நாள், கொடுத்த தொகை, அவர் எழுதிய சொற்கள் அப்படியே, விரிசல் தெரிந்த நாள், சைக்கிளைத் திருப்பித் தரத் தயாராக இருக்கிறீர்கள் என்ற வாக்கியம், பதிலுக்கு 15 நாள் அவகாசம் ஆகியவை போதும். “போலீசில் சொல்வேன்” என்று எழுத வேண்டாம். ஏமாற்றுதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் வரும் குற்றம்தான். ஆனால் விற்கும்போதே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்பதைக் காட்டியாக வேண்டும். பணத்தை வாங்குவதற்கான மிரட்டலாக அதைப் பயன்படுத்தினால் உங்கள் பக்கத்து நியாயம் கெடும். பேச்சில் அவர் 4,500 அல்லது 5,000 ரூபாய் தந்து சைக்கிளை எடுத்துக்கொள்ள முன்வந்தால், ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.

விளம்பரம் வெளியிட்ட நிறுவனத்தைப் பொறுத்தவரை, பிறர் எழுதியதைத் தாங்கி நிற்கும் இடைநிலையாளர் என்ற பாதுகாப்பை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு அதற்குத் தருகிறது. சைக்கிளின் தரத்துக்கு அது பொறுப்பாகாது. ஆனாலும் அதன் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். விளம்பரம் நீக்கப்படுவதற்கு முன்பு ஸ்கிரீன்ஷாட் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

குளச்சல் பக்கத்துச் சைக்கிள்

கடலோரத்தில் நின்ற சைக்கிள் என்பதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வேறு கண்ணால் பார்க்க வேண்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் இரும்பு வேகமாகத் துருவேறும், அலுமினியமும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடங்கள் அரித்து இறுகிப் போகும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம் வேறு. முட்டம் பக்கத்தில் நான் வாடகைக்கு இருந்தபோது வாசலில் நிறுத்திய என் சொந்தச் சைக்கிளின் சீட் கம்பி இரண்டே வருடத்தில் குழாயோடு ஒட்டிக்கொண்டது. எண்ணெய் விட்டுப் பார்த்தோம், தட்டிப் பார்த்தோம். கடைசியில் வாளால் அறுத்துத்தான் எடுத்தார்கள். வெளியே பெயிண்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தது.

விளம்பரப் படம் காட்டுவது அந்த மின்னும் பெயிண்டைத்தான். படம் தெளிவாக இருப்பதால் சைக்கிளும் நன்றாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். தெளிவான படம் கேமராவுக்குத்தான் சான்று. எந்தப் பக்கம் காட்டப்படவில்லை என்பதைப் பாருங்கள். செயின் இருக்கும் வலப்பக்கத்தைக் காட்டாத விளம்பரத்தை நான் நம்புவதில்லை. பையனிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: செயினும் பல்சக்கரங்களும் அருகில், பெடல் அச்சுக்கு அடிப்பாகம், ஹேண்டில் குழாய்க்குக் கீழ்ப்புறம், முன் ஷாக்கின் உள்குழாய். “ஒரு வருடம்” ஓடியது என்ற சைக்கிளில் டயரின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடினால், அது பல வருடம் வெயிலில் நின்றிருக்கிறது என்று பொருள். கேட்ட படத்தைத் தரத் தயங்குகிறவரிடம் போய்வரும் பஸ் செலவும் வீண்.

நேரில் போகும்போது பகலில் போங்கள். ஓர் அளவு நாடாவும் கைபேசி டார்ச்சும் போதும். உங்களுக்கு நேர்ந்தது மறுபடி நேராதிருக்க, முதலில் ஹேண்டில் குழாயிலிருந்து இறங்கும் குழாயின் அடிப்புறத்தைப் பெருவிரல் நகத்தால் மெதுவாக வருடிப் பாருங்கள். நேருக்கு நேர் மோதிய சைக்கிளில் பெயிண்ட் அங்கே துணி மடிப்புபோல் சுருங்கியிருக்கும், அல்லது சுற்றிலும் இல்லாத ஒரு மேடு நகத்தில் தட்டும். நிறம் ஒரு சாயல் மாறியிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஃபிரேம் போனால் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை.

அடுத்தது செயின். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அளந்தால், 24-ஆவது கண்ணியின் முடிவிலுள்ள பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி நின்றால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. 3 மில்லிமீட்டர் தள்ளினால் பின்பக்கப் பற்களும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் மிதிக்கும்போது வழுக்கும். எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கிய செயினும் இந்த நாடாவிடம் தப்பாது.

பிறகு சீட் கம்பியைத் தளர்த்தி வெளியே உருவச் சொல்லுங்கள். கடலோரச் சைக்கிளுக்கு இதுவே சிறந்த சோதனை. உருவ வந்தால், குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்பு ஃபிரேமாக இருந்தால் உள்ளே செதில் செதிலாகத் துரு நிற்கிறதா என்று தெரியும். வராவிட்டால், என் கதைதான். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில் பக்கத்து ஆட்டம் கையில் தெரியும். பெடலைத் தாங்கும் கம்பியான கிராங்கைப் பக்கவாட்டில் அசைத்தால் பெடல் அச்சின் ஆட்டமும், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் பெண்டும் தெரியும். இவை சரிசெய்யக்கூடியவை. உங்கள் ஊர்க் கடைக்காரரிடம் செலவைக் கேட்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். பிரேக்கில் மட்டும் சமரசம் வேண்டாம். மகன் தேசிய நெடுஞ்சாலை 66-இல் லாரிகளோடு போக வேண்டியவன்.

ஆர்.சி. இல்லை என்பது பாதுகாப்பு அல்ல

சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல என்பதால் பதிவுச் சான்று கிடையாது. அதுவரை நீங்கள் சொன்னது சரி. அதனால்தான் கவனம் கூடுதலாக வேண்டும். திருடப்பட்ட பொருளை நல்லெண்ணத்துடன் வாங்கினாலும், சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி, விற்றவருக்கு இல்லாத உரிமை உங்களுக்குப் பொதுவாக வராது. உண்மையான உரிமையாளர் வந்து நின்றால் சைக்கிள் அவருடையது. உங்கள் பணத்தை விற்றவரிடம்தான் தேட வேண்டும். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றி வாங்கியதாகத் தெரிந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் 3 ஆண்டுவரை சிறைத்தண்டனைக்கு இடம் உண்டு. பில் இல்லாமையும் நம்ப முடியாத மலிவும் அத்தகைய காரணங்களாகப் பார்க்கப்படலாம்.

பெரும்பாலான சைக்கிள்களில் பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேம் எண் குத்தப்பட்டிருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பில் தொலைந்தது உண்மையாகவே இருக்கலாம். வாங்கிய கடை எது என்று கேட்டு, அங்கே நகல் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று, விற்கும் பையனின் வயது. பிளஸ் டூ மாணவன் என்றால் 18 நிறைந்திருக்க வாய்ப்பு குறைவு. 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன காலத்திலிருந்து நிலைத்த சட்டம். நாளைக்கு அவன் அப்பா வந்து, “எனக்குத் தெரியாமல் விற்றுவிட்டான்” என்றால் உங்களுக்கு நிற்க இடமில்லை. ஆகவே அவனுடைய பெற்றோரில் ஒருவர் முன்னிலையில், அவர் கையிலேயே பணத்தைக் கொடுத்து, அவர் கையெழுத்திலேயே ரசீது வாங்குங்கள். இதே விளம்பரங்களில், அரசு பிளஸ் ஒன் மாணவர்களுக்குக் கொடுக்கும் விலையில்லா மிதிவண்டிகளும் சில நேரம் விற்பனைக்கு வருகின்றன. ஒரு பிள்ளை பள்ளிக்குப் போவதற்கென்று கொடுக்கப்பட்ட அதை மலிவு என்று நாம் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முன்பணம் கேட்கும் “ராணுவ வீரர்”

இதில் எடைபோட ஒன்றுமில்லை. நேரில் காட்டாத பொருளுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ராணுவ அடையாள அட்டையின் படம், சீருடைப் படம், பார்சல் ரசீது எல்லாம் பலமுறை பார்த்த ஏமாற்று வேலைகள். அடுத்த கட்டமாக, “பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்” என்பார்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையே இல்லை. மகன் ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அவனைத் திட்டிக்கொண்டிருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் முடக்கும் வாய்ப்பு கூடும்.

குளச்சல் சைக்கிளை எடுக்க முடிவானால், ரசீதில் தேதி, தொகை, ஃபிரேம் எண், விற்பவரின் பெயரும் முகவரியும், “இது எனக்குச் சொந்தமானது, ஃபிரேமில் விரிசலோ வெல்டிங்கோ இல்லை” என்ற வரி ஆகியவை இருக்கட்டும். இந்த வரியைத் தம் கையால் எழுதத் தயங்குகிறாரா என்பதைக் கவனியுங்கள். பணத்தை அதன் பிறகு எடுங்கள்.

முதல் சைக்கிளுக்காகப் பத்மநாபபுரம் போகும் நாளில், வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் அதே கைபேசியைக் கொண்டுபோங்கள். அதுவரை அந்த உரையாடலில் ஒரு வரியையும் அழிக்க வேண்டாம், கைபேசியை மாற்றவும் வேண்டாம். விரிசலைக் கண்ட கடைக்காரர் தாம் பார்த்ததை இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்திட்டுத் தருவாரா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.